நான்காவது சக்கரத்துக்குக் காற்று

பார்ரா செக்கா என்ற எங்கள் கடலோர ஊரில் மணல் முடிந்து தார் ரோடு தொடங்குகிற இடத்தில் லிந்தால்வாவின் காற்றுக் கடை இருக்கிறது. கடை என்று பெயர்தான். தென்னங்கீற்றுக் கூரை, இருமிக்கொண்டே ஓடும் ஒரு கம்ப்ரசர், நீளமான ஹோஸ், அப்புறம் அவள் வாய். அதிகம் உழைப்பது கடைசியில் சொன்னதுதான்.

எங்கள் கடற்கரையில் வண்டி ஓட்டத் தெரிந்தவன் மணலில் இறங்கும் முன் நான்கு சக்கரத்திலும் காற்றை இறக்கிவிடுவான். மீட்டரில் முப்பதுக்கு மேல் காற்றோடு இறங்கினால் சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். பதினாறுக்கு இறக்கினால் டயர் பரந்து படுத்து மெத்தென்று போகும். வம்பெல்லாம் திரும்பும்போதுதான். கடலில் குளித்து, வறுத்த மீனைத் தின்று, வெயிலில் பாதி மயங்கி வருகிறவனுக்கு, தார் ரோட்டில் ஏறும் முன் மறுபடி காற்று பிடிக்க வேண்டும் என்பது பெரிய தொல்லையாகத் தெரியும். மணலில் போன வண்டி ரோட்டில் போகாதா என்று நினைப்பான். போகும், கொஞ்ச தூரம். ரோட்டுச் சூட்டில், முழுக் குடும்பத்தின் பாரத்தில், டயர் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளேயே வெந்து, ஏதாவது ஒரு வளைவில் வெடிக்கும்.

அப்படிப் போக லிந்தால்வா யாரையும் விடுவதில்லை. ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் வந்து நிற்பாள்.

"அடுத்த பங்க்ல பிடிச்சுக்கறேம்மா, வழி விடு."

"அடுத்த பங்க் நாப்பது கிலோமீட்டர். அதுக்குள்ள செத்தவங்களுக்குச் சொல்ற ஏழாம் நாள் பூசையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதாயிடும். இறங்குங்க."

"சரி, எல்லாத்துலயும் முப்பது போட்டு விடு."

"அது என்ன எல்லாத்துலயும் முப்பது? கதவைத் திறந்து பாருங்க, எதுக்கு எவ்வளவு காத்துன்னு ஒட்டி வெச்சிருக்கான். வண்டி நிறைய ஆள் இருந்தா பின்னாடி முப்பத்தாறு. உங்க மாமியார் பின் சீட்டுலதானே உக்காந்திருக்காங்க? முப்பத்தாறு போடாம விட மாட்டேன்."

மாமியாரே சிரித்துவிடுவார். ஊருக்கு வெளியே இருந்து வருகிறவர்கள், இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பாதிரியார்கூட ஒரு பிரசங்கத்தில் அவளைப் பற்றிச் சொன்னார். நல்ல மனசாவது மண்ணாவது. அவள் அங்கே உட்கார்ந்திருந்தது ஒரே ஓர் ஆளுக்காக. மணலில் இறங்கினவன் ரோட்டுக்கு ஏற வேறு வழி கிடையாது. என்றைக்காவது ஒருநாள் அவனும் தன் கடைக்கு வந்துதான் தீர வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த இடத்தில் கூரை போட்டாள்.

அவன் பெயர் வால்தெனோர். லிந்தால்வாவின் அண்ணன் எர்னானியின் கூட்டாளி.

எர்னானி நன்றாகக் குடிக்கிறவன். அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் அம்மா தோனா கார்மெலீத்தாவுக்குக் கண் ஆபரேஷன் என்று வந்தபோது, கனிந்தே என்ற ஊரின் புனித பிரான்சிஸுக்கு நேர்ந்துகொண்டான்: அம்மாவுக்குப் பார்வை திரும்பினால் ஒரு வருடம் ஒரு சொட்டு வாயில் வைக்க மாட்டேன். பார்வை திரும்பியது. அவனும் வைக்கவில்லை. திருவிழாவில் எல்லாரும் குடித்து ஆடும்போது ஓரமாக நின்று கரும்புச்சாறு குடிப்பான். நண்பர்கள் அவனைக் கிண்டல் செய்தே ஓய்ந்தார்கள். அவன் குடிக்காததால் எல்லாருடைய வண்டியையும் அவனிடமே கொடுத்து ஓட்டச் சொல்வார்கள்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்தெனோரின் வண்டியை எர்னானி ஓட்டி வந்தான். பக்கத்தில் வால்தெனோர். ஊருக்கு முன்னாலிருக்கும் வளைவில் வண்டி உருண்டது. எர்னானி அங்கேயே போய்விட்டான். வால்தெனோருக்கு முழங்கையில் சிராய்ப்பு.

ஏழாம் நாள் பூசையில் வால்தெனோர் தோனா கார்மெலீத்தாவைக் கட்டிக்கொண்டு, கோயில் முழுக்கக் கேட்கும்படி அழுதான். "குடிக்காதடான்னு சொன்னேம்மா. கேக்கல. ஓட்டிக்கிட்டே தூங்கிட்டான்."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. குடிகாரன் குடித்தான், நேர்த்தியை முறித்தான், சாமி தண்டித்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அம்மாவே நம்பினாள். தன் கண்ணுக்காகச் செய்த நேர்த்தி, தன் மகனையே கொண்டுபோய்விட்டது என்று. அன்றிலிருந்து அவள் நிமிர்ந்து நடந்ததில்லை. கோயிலில் கடைசி வரிசை, தெருவில் தரையைப் பார்த்த நடை. பகலிலும் வாசற்கதவைத் திறப்பதில்லை.

லிந்தால்வா மட்டும் நம்பவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் கிடந்த வண்டியைப் போய்ப் பார்த்தாள். பின்பக்கம் வெடித்த டயரின் உள்ளே கையை விட்டபோது கறுப்புப் பொடி கை நிறைய வந்தது. காற்றில்லாமல் ஓடினால்தான் டயர் உள்ளே இப்படி அரைபடும். மற்ற மூன்று சக்கரங்களும் சப்பையாக இருந்தன. காற்றே பிடிக்காமல் ரோட்டில் ஏறியிருக்கிறார்கள். ஏன்? எர்னானி அந்த விஷயத்தில் அசட்டையாக இருக்கிறவன் அல்லவே. அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வால்தெனோர் அதற்குள் ஃபோர்த்தலேசா நகரத்துக்குக் குடிபோய்விட்டான்.

ஒன்பது வருடம் லிந்தால்வா அவனை மனசுக்குள் வைத்து வளர்த்தாள். வால்வைத் தளர்த்திவிட்டால் என்ன, டயரின் ஓரத்தில் கத்தியால் லேசாக ஒரு கோடு கிழித்துவிட்டால் என்ன என்று வேலை செய்துகொண்டே யோசிப்பாள். அவன் ரோட்டில் உருளுவதை நினைத்தால் அவளுக்குச் சாப்பாடு ருசிக்கும். அதற்காக அவள் வெட்கப்பட்டதும் இல்லை.

கார்னிவல் முடிந்த ஞாயிறு மாலை. மணலிலிருந்து வண்டிகள் வரிசை கட்டி நின்றன. காற்றில் மணல் பறந்ததால் லிந்தால்வா முகத்தைத் துணியால் சுற்றிக் கண்ணை மட்டும் விட்டிருந்தாள். ஏழு பேர் உட்காரும் பெரிய குடும்ப வண்டி ஒன்று வந்து நின்றது. முன்னால் ஒரு பெண், பின்னால் ஒரு சிறுமி, ஒரு குட்டிப் பையன், மூட்டை முடிச்சுகள், ஈரத் துண்டுகள்.

"சீக்கிரம் போடும்மா. மேட்ச் ஆரம்பிச்சிடும்."

குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். தொப்பை வந்திருந்தது, முடி போயிருந்தது. அவனேதான்.

குனிந்து முன்சக்கரத்தில் ஹோஸை மாட்டினாள். இரண்டு முன்சக்கரத்துக்கும் முப்பத்திரண்டு வைத்தாள். பின்பக்கம் இடது சக்கரத்துக்கு முப்பத்தாறு. வலது பின்சக்கரத்துக்கு வந்தாள். பதினாறு. அதற்கு நேர் மேலே ஜன்னலில் சிறுமி கன்னத்தை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

இதை இப்படியே விட்டுவிட்டு 'ஆச்சு' என்று சொன்னால் போதும். அவன் இறங்கிப் பார்க்கிறவன் இல்லை. லிந்தால்வா அதை நினைத்தாள். நினைத்தாள் என்பது குறைவு, நாக்கு நுனி வரை அந்த வார்த்தை வந்துவிட்டது.

"அப்பா, எதுக்கு இவ்ளோ நேரம் காத்து அடிக்கறாங்க?" சிறுமி கேட்டாள்.

"அடிக்கலன்னா டயர் வெடிச்சிடும், மிலேனா. அப்பாவோட ஒரு ஃபிரெண்டு அப்படித்தான் செத்தான், இதே ரோட்டுல. காத்து பிடிச்சிட்டுப் போலாம்டான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். குடிச்சிருந்தான், கேக்கல."

லிந்தால்வா ஹோஸைக் கீழே போட்டாள். போய்க் கம்ப்ரசரை நிறுத்தினாள். முகத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டு அவன் ஜன்னலுக்கு வந்தாள்.

"காத்தா? தூங்கிட்டான்னுல்ல சொன்னே கோயில்ல? காத்துன்னு இன்னைக்குத்தான் கேக்கறேன்."

அவன் முகம் வெளுத்தது. "லிந்தால்வா..."

"பரவால்லியே, பேர் ஞாபகம் இருக்கே. காத்து பிடிக்கலாம்னு சொன்னது யாரு, வேணாம்னு சொன்னது யாரு? சொல்லிடு. சொன்னா மீதி சக்கரத்துக்குக் காத்து."

"என்ன உளர்றே? இந்தா காசு, வேலையை முடி."

"உன் காசைக் கொண்டுபோய்க் கடல்ல போடு. பின்னாடி வலது சக்கரத்துல பதினாறுதான் இருக்கு. போறதானா போ. நான் மறிக்கல."

நடு ரோட்டில் நின்று மறிக்கிறவள், அன்று ஒதுங்கி வழி விட்டாள். பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. எதிர்ப்பக்கம் மரவள்ளி ரொட்டி சுடுகிற தோனா ஓதீலியா, கரண்டியோடு எழுந்து வந்துவிட்டாள். அவள் காதில் ஒன்று விழுந்தால் இருட்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

வால்தெனோரின் மனைவி இயாரா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாருங்க இவங்க?"

"பைத்தியம். விடு." அவன் சாவியைத் திருப்பினான். "போலாம்."

"ஒரு சக்கரத்துல காத்து இல்லைங்கறாங்களே?"

"ஒரு சக்கரம்தானே? ஒண்ணும் ஆகாது. மெதுவா ஓட்டிக்கறேன். மேட்ச் வேற ஆரம்பிச்சிடும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். இயாரா கையை நீட்டிச் சாவியை உருவினாள்.

"அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்களா?"

"இயாரா, ஊர் முன்னாடி..."

"பின்னாடி நம்ம குழந்தைங்க இருக்காங்க. சொன்னீங்களா, இல்லையா? அந்த ஆள் குடிச்சிருந்தாரா?"

"குடிக்கலடி!" அவன் கத்தினான். "குடிக்கல. போதுமா? அப்ப இங்க இருந்த காத்துக் கடை முன்னாடி வரிசை நின்னுச்சு, நான்தான் போடான்னேன். சாவியைக் குடு!"

"பின்னாடி வண்டிக்காரங்களுக்குக் கேக்கல," என்றாள் லிந்தால்வா. "கோயில்ல சொன்னியே, அந்தச் சத்தத்துக்குச் சொல்லு."

யாரும் ஹாரன் அடிக்கவில்லை இப்போது. வரிசையில் பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். இறங்கி நின்று பார்த்தார்கள்.

"எர்னானி குடிக்கல," என்றான் வால்தெனோர். முதல் தடவையைவிடச் சின்னக் குரல்தான். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

தோனா ஓதீலியா கரண்டியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நேர்த்தியை முறிச்சவன்னு அந்தப் பிள்ளையை நாங்க பேசினோமேடா. இந்த வாயால பேசினேனே, பாவி!"

இயாரா இறங்கிச் சுற்றி வந்து ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். "இறங்குங்க. என் பிள்ளைங்க இருக்கற வண்டியை இனிமே நீங்க ஓட்ட வேணாம். பஸ்ல வாங்க."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏது பஸ்?"

"அப்ப நடந்து வாங்க."

அவன் இறங்கினான். லிந்தால்வா கம்ப்ரசரைப் போட்டாள். நான்காவது சக்கரத்துக்கு முப்பத்தாறு வைத்து, மீட்டரை இரண்டு தடவை பார்த்து, வால்வு மூடியை இறுக்கினாள். பிள்ளைகளுக்காகச் செய்தாள், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இயாரா அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரப்பர் செருப்பும் ஈர டிராயருமாக வால்தெனோர் ரோட்டில் நின்றான். அடுத்த வண்டியின் ஜன்னலில் போய்க் கேட்டான். இடமில்லை என்றார்கள். அதற்கடுத்த வண்டியில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அவர்களும் இடமில்லை என்றார்கள். கடைசியில் லிந்தால்வாவிடமே வந்தான்.

"ஒன்பது வருஷம் நானும் தூங்கல, லிந்தால்வா. என்னை மன்னிச்சிடு."

"மாட்டேன்," என்றாள். "நீ நல்லா இருக்கணும். ரொம்ப வருஷம் இருக்கணும். இன்னைக்கு நீ சொன்னதை உன் பொண்ணு மறக்கவே கூடாது. நட."

அவன் நடந்தான். வெயில் சாய்ந்தும் ரோடு இன்னும் கொதித்தது. ஊர் வழியாகத்தான் போயாக வேண்டும், ஊரின் ஒரே தெரு அதுதான். லிந்தால்வாவுக்கு வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இவ்வளவு போதாது என்றே தோன்றியது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அம்மா, வாசக்கதவைத் திற. நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டு உக்காரு. வால்தெனோர் அந்தப் பக்கமாத்தான் நடந்து வர்றான்."

மறுமுனையில் அம்மா, "அவனை நான் எந்த முகத்தோடடி பாக்கறது?" என்றாள்.

"நிமிர்ந்து பாரும்மா. அண்ணன் குடிக்கல. அவன் வாயாலயே சொல்லிட்டான், எல்லார் முன்னாடியும். அவன் உன் வாசலைத் தாண்டிப் போற வரைக்கும் அவனையே பாரு. கண்ணை எடுக்காதே."

போனில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.