பத்திரம் அக்கா வாய் மூடியிருந்த இரண்டு நாள்

அந்தப் பழைய பங்களாவுக்குத் தங்க வருகிறவர்களின் நெற்றி முதலில் தொடுவது பத்திரம் அக்காவின் உள்ளங்கையைத்தான். வாசல் நிலை அவ்வளவு தாழ்வு. கட்டியவர்கள் குள்ளமாக இருந்தார்களா, வருகிறவன் எவனானாலும் குனிந்துதான் வரவேண்டும் என்று திமிராக இருந்தார்களா, யாருக்கும் தெரியாது. அக்கா கதவைத் திறந்ததும் ஓரமாக ஒதுங்கி, நிலையின் மேல்கட்டையில் கையை விரித்து வைத்துக்கொள்வாள். உயரமானவர்கள் மரத்தில் இடிப்பதற்குப் பதில் கையில் இடித்துக்கொண்டு "ஸாரிங்க" என்பார்கள். "பரவால்ல, பத்திரம்" என்பாள். அத்தோடு விட்டால்தானே?

"சாவிய வலது பக்கம் திருப்பாதீங்க, அது எடக்குப் பிடிச்ச பூட்டு, இடது பக்கம்தான் திறக்கும். சிவப்புக் குழாய்ல பச்சத்தண்ணி, நீலக் குழாய்ல வெந்நீர், மாத்தி மாட்டிட்டுப் போயிட்டான் மகராசன். வண்டிய அந்த மரத்தடியில விடாதீங்க, கிளை விழும். ஜன்னலுக்கு முட்டுக்கட்டை குடுக்காம தலைய வெளிய நீட்டாதீங்க. போன் பேசணும்னா கிணத்தடியிலதான் சிக்னல் கிடைக்கும், ஆனா கிணத்து மேடையில ஏறாதீங்க..."

ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு "பத்திரம்". பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. ஓட்டுப் போடப் போகும்போது மட்டும் அதை வெளியே எடுப்பாள்.

அவள் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. கல்யாணமாகித் தோட்டக்காரரோடு அந்தப் பங்களாவின் பின்னறைக்கு வந்தபோது வாயில் இருந்து வார்த்தையைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஒரு கணக்கு வாத்தியார் தங்க வந்தார். புதுப்பெண் தண்ணீர்த் தட்டோடு உள்ளே நிற்கிறாள். வாத்தியார் நிமிர்ந்த தலையோடு வாசலுக்கு வருகிறார். "குனிங்க" என்ற வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. வெட்கம் வந்து அதை விழுங்கிவிட்டது. மடார்! தட்டில் இருந்த செம்புத் தண்ணீரால் அவர் நெற்றியை அவள்தான் துடைத்தாள். தண்ணீர் முழுக்கச் சிவந்துபோனது. தையல் போட்டுத் திரும்பிய வாத்தியார் கோபப்படக்கூட இல்லை. "யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார், அவ்வளவுதான். வாத்தியார் ஊருக்குப் போய்விட்டார். அந்த வாக்கியம் மட்டும் பின்னறையிலேயே குடியேறிவிட்டது.

பெரிய முதலாளி இருந்தவரை அக்காவின் பேச்சு யாருக்கும் தொந்தரவாக இல்லை. அவருக்குப் பிறகு மகள் வந்தாள். நல்ல பெண்தான், ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், எப்போதும் கையில் போன். பங்களாவை மூலைக்கு மூலை படம் பிடித்து, 'பழமையின் அமைதி' என்று எழுதி இணையத்தில் போட்டாள். கூட்டம் வந்தது, கூடவே புகாரும் வந்தது. "ஓய்வெடுக்க வந்தோம், வகுப்பெடுத்தார்கள்" என்று ஒருவர் எழுதினார். புதுமணத் தம்பதி ஒன்று, கெட்டிலைப் பற்றி எச்சரிக்க அக்கா காலையில் கதவைத் தட்டியதை மிகவும் வருத்தத்தோடு குறிப்பிட்டிருந்தது.

சின்ன முதலாளியம்மா நேரில் வந்தாள்.

"அக்கா, பழமையின் அமைதின்னு போட்டிருக்கேன். நீங்க அமைதியா இருந்தாத்தானே? இனிமே 'வாங்க', 'இந்தாங்க சாவி', 'நல்லா ஓய்வெடுங்க'. இதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். அவங்க தங்கியிருக்கும்போது அறைக்குள்ள போகவே கூடாது."

"ஆகட்டும்மா. ஆனா அந்தக் குளியலறை..."

"பாத்தீங்களா? இன்னொரு புகார் வந்தா வாசல்ல நம்பர் பூட்டு மாட்டிடுவேன். வர்றவங்களே நம்பரப் போட்டுத் திறந்துப்பாங்க. பின்னறைய ஸ்டோர் ஆக்கிடுவேன். அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

அவள் போனபிறகு அக்கா பின்னறையின் கட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அறைக்குள்ளேயே வைத்துச் செய்த கட்டில் அது. வாசல் வழியாக வெளியே போகாது. அவர்கள் போனாலும் அது வராது.

அடுத்து வந்தவர்கள் ஒரு பல் டாக்டர், அவர் மனைவி, மாமியார். அக்கா மூன்று வாக்கியத்தையும் பரீட்சையில் ஒப்பிப்பது போல ஒப்பித்தாள். கையைப் பற்றி முதலாளியம்மா ஒன்றும் சொல்லாததால், கை மட்டும் நிலையில் இருந்தது. டாக்டர் நெற்றியை அதில் இடித்துக்கொண்டு "ஸாரிங்க" என்றார். "பரவால்ல, பத்..." மீதியை அக்கா மென்று விழுங்கினாள்.

விழுங்கியது ஜீரணமாகவில்லை. காரணம், அவர்கள் அறையை ஒட்டிய அந்தக் குளியலறை. ஒரு காலத்தில் மளிகைச் சாமான் வைத்த அறை அது. திருட்டுக்குப் பயந்து வெளிப்பக்கம் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் போதும், அது தானாக விழுந்து உள்ளே போனவரைப் பூட்டிவிடும். பழங்காலத்து வேலைப்பாடு என்பதால் அதைக் கழற்றக் கூடாது. அதற்காகவே ஒரு மர ஆப்பு கயிற்றில் தொங்கும். அதைத் தாழ்ப்பாளுக்கு அடியில் சொருகிவிட்டு உள்ளே போகவேண்டும். முதலாளியம்மா படம் பிடித்த அன்று, அழுக்காக இருக்கிறது என்று அந்த ஆப்பைக் கயிற்றோடு அறுத்துத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

அக்கா தோட்டக்காரரிடம் போய்ப் புலம்பினாள். அவருக்கு இடது காது கேட்காது. கல்யாணமான புதிதில் இரண்டும் நன்றாகக் கேட்டதாக அக்கம்பக்கத்தில் பேச்சு. அக்கா வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.

"என்னங்க, அந்தத் தாழ்ப்பாள்..."

"அதான் பேசக்கூடாதுன்னுட்டாங்கல்ல, சும்மா இரேன்."

"நான் சும்மாதான் இருக்கேன். தாழ்ப்பாள் சும்மா இருக்கணுமே!"

"பல் டாக்டருதானே? மாட்டிக்கிட்டா குறடு வெச்சு ஆட்டி ஆட்டிப் புடுங்கிட்டு வந்துடுவாரு."

"சிரிக்காதீங்க. அந்த மாமியாரம்மாவுக்கு முட்டி வலி. உள்ள மாட்டிக்கிட்டா எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

"குளியலறையில உக்கார இடமா இல்ல?"

இந்த மனுஷனிடம் பேசிப் பயனில்லை என்று எழுந்து வந்துவிட்டாள். மறுநாள் காலையில் அவர் உரம் வாங்கப் புறப்பட்டுப் போனார். வானம் மூட்டமாக இருந்தது, குளிர் வேறு. விருந்தாளிகள் மூன்று பேரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் நடக்கப் போவதை அக்கா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர்கள் கேட்டைத் தாண்டியதும் விறகுக் குவியலில் ஒரு துண்டை எடுத்து அரிவாள்மணையில் சீவினாள். புது ஆப்பு தயார். உள்ளே போகக்கூடாதுதான். ஆனால் போனது யாருக்குத் தெரியப்போகிறது?

அறைக்குள் போய்க் குளியலறைத் தாழ்ப்பாளுக்கு அடியில் ஆப்பைச் சொருகினாள். அப்படியே திரும்பி வந்திருந்தால் கதையே இல்லை. சோதித்துப் பார்க்காமல் வந்தால் அவள் பத்திரம் அக்கா இல்லையே. குளியலறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினாள். ஆப்பு அசையவில்லை. சந்தோஷம். ஆனால் எல்லாரும் மெதுவாகச் சாத்துவார்களா? டாக்டர் கொஞ்சம் அவசரக்காரராகத் தெரிகிறாரே? டாக்டர் சாத்துவது போல ஓங்கி ஒரு சாத்து சாத்தினாள்.

டொக் என்று ஆப்பு விழுந்தது. டங் என்று தாழ்ப்பாள் விழுந்தது.

அக்கா கதவைத் தள்ளினாள், இழுத்தாள், கெஞ்சினாள். "ஏய், நான்தான்" என்று தாழ்ப்பாளிடம் சொல்லிக்கூடப் பார்த்தாள். ஜன்னல் ஒரு பூனை புகுந்து போகிற அளவு. கத்தலாம், ஆனால் யாருக்குக் கேட்கும்? உரம் வாங்கப் போனவர் பக்கத்தில் இருந்தாலே பாதிதான் கேட்கும். விருந்தாளிகள் வந்து பார்த்தால்? சொல்லாமல் கொள்ளாமல் அறைக்குள் நுழைந்தவள், அதுவும் குளியலறைக்குள். இதைவிடப் பெரிய புகார் உலகத்தில் எழுத முடியாது. வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். வாசலில் நம்பர் பூட்டு பல்லைக் காட்டிச் சிரிப்பது போலவும், கட்டில் தனியாக நிற்பது போலவும் மாறிமாறித் தெரிந்தது. 

வெளியே அறைக்கதவு திறந்தது. மெல்ல ஒரு காலடி, கூடவே கைத்தடி. மாமியார் மட்டும் திரும்பிவிட்டார். ஏரி வரைக்கும் நடக்க முட்டி சம்மதிக்கவில்லை போல. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் இருந்தால் அந்தம்மா படுத்துத் தூங்கிவிடலாம். அதற்குள் தோட்டக்காரர் வந்துவிட்டால்...

அந்தம்மா படுக்கவில்லை. எதையோ முணுமுணுத்துக்கொண்டு விறகை அடுக்கும் சத்தம் கேட்டது. அறையின் மூலையில் குளிர்காய ஒரு கணப்பு உண்டு. அதன் புகைபோக்கிக்குள் ஒரு இரும்பு மூடி. குருவி இறங்குகிறது என்று போன வாரம் அக்காவே அதை மூடி வைத்திருந்தாள். திறக்காமல் பற்றவைத்தால் புகை முழுக்க அறைக்குள்தான். வழக்கமாக, மூடியைத் திறக்கும் சங்கிலியை அக்கா விருந்தாளிகளுக்கு முதல் நாளே காட்டிவிடுவாள். இந்த முறை காட்டவில்லை.

தீக்குச்சி உரசும் சத்தம். முதல் குச்சி அணைந்துபோனது. "சனியனே" என்றது மாமியார் குரல். இரண்டாவது குச்சி.

வார்த்தை தொண்டைக்கு வந்தது. புதுப்பெண்ணாகத் தண்ணீர்த் தட்டோடு நின்ற அதே தொண்டை. பின்னறை, கட்டில், பூட்டு எல்லாம் அதன் குறுக்கே வந்து நின்றன.

"அம்மா! பத்தவைக்காதீங்க!"

மாமியாரின் கைத்தடி தடாலென்று விழுந்தது. "யாருடி அது? பேயா?"

"பேய் இல்லம்மா, சம்பளத்துக்கு இருக்கிறவ! நேத்து சாவி குடுத்தேனே, நான்தான்!"

"குளியலறையில என்னம்மா பண்ற?"

"அத அப்புறம் சொல்றேன். பத்தவெச்சுட்டீங்களா?"

"வெச்சுட்டேனே... அய்யோ, புகை என் மூஞ்சிக்கே வருது!"

"பயப்படாதீங்க. கைய உள்ள விடாதீங்க. கணப்புக்கு இடது பக்கம் ஒரு சங்கிலி தொங்கும், அத இழுங்க. பலமா!"

"இடதுல ஒண்ணும் இல்ல!"

"உங்க இடது கை எதும்மா?"

காலடி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தது. பிறகு இரும்பு கிறீச்சிட்டது. கதவிடுக்கு வழியாகக் குளியலறைக்குள்ளும் புகை வந்திருந்தது. அக்கா இருமிக்கொண்டே, "ஜன்னலத் திறங்க, முட்டுக்கட்டை குடுங்க, பத்திரம்!" என்று கத்தினாள். அடைத்து வைத்திருந்ததெல்லாம் வரிசையாக வந்தது. கடைசியில் தாழ்ப்பாள். "கதவ உங்க பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு மேல தூக்குங்க."

கதவு திறந்தது. கண்ணில் நீரும் மூக்கில் கரியுமாக மாமியார் நின்றார். அக்கா அவர் காலில் விழாத குறை.

"உங்க அறைக்குள்ள வந்தது தப்பும்மா. ஆப்பு சரியா நிக்குதான்னு பாக்கத்தான் வந்தேன். வெளிய சொல்லிடாதீங்க, எங்க இருப்பே போயிடும்."

"நீ முதல்ல முகத்தத் தொடை. நானும் சொல்லக் கூடாததுதான் பண்ணியிருக்கேன். 'அத்தை, நீங்க கணப்பப் பத்தவைக்கவே கூடாது'ன்னு மாப்பிள்ளை ஆயிரம் தடவை சொல்லிட்டுத்தான் போனாரு." மாமியார் கரிமூக்கோடு சிரித்தார். "ஏம்மா, இவ்வளவு தெரிஞ்சவ நேத்தே சொல்லியிருக்கலாமே? மூணு வார்த்தை பேசிட்டு ஊமை மாதிரிப் போயிட்ட."

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் முட்டியைத் தேய்த்தபடி நெருப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "விடு, மாப்பிள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அக்காவுக்குப் புரியவில்லை. விருந்தாளிகள் கிளம்பிப் போன மறுநாள், கிணத்தடியில் அவள் போன் அடித்தது. சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று, ஊருக்கெல்லாம் ஏறாதே என்று சொல்கிற மேடையிலேயே ஏறி நின்றாள்.

"அக்கா, டாக்டர்கிட்ட இருந்து புகார் வந்திருக்கு," என்றாள் சின்ன முதலாளியம்மா. "நான் கிளம்பி வரேன்."

அக்கா மேடையிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. தோட்டக்காரர் கயிறு ஒன்றை எடுத்துக் கட்டிலை அளந்தார், பிறகு வாசலை அளந்தார். மறுபடியும் கட்டிலை அளந்தார்.

"அறுத்தாத்தான் போகும்," என்றார்.

"அறுக்காதீங்க," என்றாள் அக்கா. "அது இங்கேயே இருக்கட்டும்."

முதலாளியம்மா ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். மேலே நம்பர் பூட்டின் படம். பெட்டியைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து போனில் இருந்து படித்தாள். "'வீடு அழகு. ஆனால் அந்த அம்மா எங்களிடம் மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசவே இல்லை. தாழ்ப்பாள், கணப்பு, குழாய், எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் அத்தைக்கு மிகுந்த வருத்தம். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.'"

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள். கணக்கு வாத்தியார் இத்தனை வருஷம் கழித்து இன்னொரு தடவை வந்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

"பேசினாலும் புகார், பேசலைன்னாலும் புகார்," முதலாளியம்மா நெற்றியைத் தேய்த்தாள். "நான் என்னதான் பண்றது? சரி, சொல்லுங்க அக்கா. ஆனா சுருக்கமா."

"எவ்வளவு சுருக்கமா?"

"தாழ்ப்பாள், கணப்பு, வெந்நீர். அவ்வளவுதான்."

"ஜன்னல் முட்டுக்கட்டை?"

"சரி, முட்டுக்கட்டை."

"கிணத்து மேடை?"

"அக்கா!"

"இல்லம்மா, சும்மா கேட்டேன்."

"இந்தப் பூட்டை இப்ப என்ன பண்றது?"

"கோழிக்கூட்டுக்கு ஆகும்," என்றார் தோட்டக்காரர். அவருக்குத் தேவையானது மட்டும் எப்போதும் நன்றாகக் கேட்கும்.

முதலாளியம்மா சிரித்துவிட்டு எழுந்தாள். போனைப் பார்த்துக்கொண்டே வாசலை நோக்கி நடந்தாள். அக்கா அவளை முந்திக்கொண்டு ஓடினாள்.

நெற்றி வந்து உள்ளங்கையில் இடித்தது.

"ஸாரிக்கா," என்றாள் முதலாளியம்மா.

"பரவால்லம்மா," என்றாள். "பத்திரம்."