இரண்டாம் சுற்று

கணக்கெடுப்பு வேலையில் முதல் சுற்று சுலபம். கதவைத் திறக்கிறவரிடம் கேட்டுவிட்டு வரலாம். இரண்டாம் சுற்றில்தான் வதை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பதில் சொன்ன அதே பெண்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியை வைத்து ஒப்பேற்ற முடியாது. அவர்களோ திருப்பூருக்குப் போயிருப்பார்கள், நம்பரை மாற்றியிருப்பார்கள், அகப்பட்டாலும் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக "நாளைக்கு வாங்க" என்பார்கள்.

அகப்படும் பெண்கள் குறையக் குறைய எங்கள் மேலாளர் ஒரு யோசனை சொன்னார். முதல் தடவை போனவரே மறுபடி போக வேண்டும். அந்தப் பெண் அன்றைக்குச் சொன்ன ஒன்றை அவரிடம் மட்டும் ஞாபகப்படுத்தி நலம் விசாரிக்க வேண்டும். எனக்கு அது தூண்டில் புழுவாகத்தான் பட்டது. ஆனால் பலித்தது. "முட்டி வலி எப்படி இருக்குக்கா?" என்றால் போதும், பாதிப் பேர் பாயை விரித்துவிடுவார்கள்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஓர் ஊரில், நடவு வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் என் பட்டியலில் இருந்தார். போனை அவர் கணவர் எடுத்தார். "அவ இல்லம்மா" என்றார். எப்போது வருவார் என்று கேட்டேன். வைத்துவிட்டார். 'வீட்டில் இல்லை, மறுபடி தொடர்பு கொள்ளவும்' என்று பதிந்தேன். அடுத்த வாரமும் அதே பதில், அதே பதிவு. மனைவியைப் பேச விடாத மனிதர் போலிருக்கிறது என்ற எரிச்சலில் நேரிலேயே போனேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். ஆண்கள் முறம் பிடித்து நான் பார்த்ததில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணிடம் மட்டும்தான் கேட்க வேண்டும் என்ற விதியையும் மறந்து, மனப்பாடம் செய்ததை அவரிடமே ஒப்பித்தேன். "போன தடவை நெஞ்சு அடைக்குதுன்னு அம்மா சொன்னாங்க. இப்ப எப்படி இருக்காங்க?"

முறம் நின்றது.

"அவ போயி எட்டு மாசம் ஆச்சு. நெஞ்சு வலிதான். வயல்லயே."

போனில் இரண்டு தடவை அவர் சொன்ன 'இல்லை' என்னவென்று அப்போதுதான் புரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பே அவளுக்கு அது இருந்ததா என்று கேட்டார். தன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றார். சொல்லியிருந்தால் கையோடு தஞ்சாவூருக்குக் கூட்டிப்போயிருப்பேனே என்று முறத்தைப் பார்த்தே சொன்னார்.

அந்தப் பகல் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த அம்மா சேற்றுக் காலோடு கரையேறி வந்து வரப்பில் உட்கார்ந்து பதில் சொன்னார். நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லும்போது சிரித்தார். நடவு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் 'ஆம்' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு, வீட்டில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டேன். இன்னும் நாற்பது கேள்விகள் பாக்கி இருந்தன.

"அதுக்கு நீங்க என்னம்மா சொன்னீங்க?" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"எழுதிக்கிட்டேங்க" என்றேன்.