இரண்டு சாதிக்கு ஒரு தாய்

எங்கள் பேராசிரியருக்கு மூங்கில் என்றால் ஏணி. அதற்கு மேல் அதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மூங்கிலில் வாழும் பூச்சியைப் பற்றி அவரைப் போல அறிந்தவர் நாட்டிலேயே இல்லை என்று முள்ளியவளையில் பதாகை கட்டியிருந்தார்கள். அந்தப் பூச்சியைப் பிடித்துக்கொடுத்த ஆய்வு மாணவி நான் என்பதால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பூச்சிக்குப் பெயர் திரிப்ஸ். நெல்லில் வந்தால் கமக்காரர் பனிப்பூச்சி என்று திட்டிக்கொண்டு மருந்தடிப்பார்கள். மூங்கிலில் இருப்பது வேறு ரகம். குறுணி அரிசி அளவுகூட இல்லாத கறுப்பு உடம்பு. மூங்கில் கணுவைச் சுற்றிக் காய்ந்துகிடக்கும் உறைக்குள் ஒளிந்திருந்து, அங்கே ஒட்டியிருக்கும் செதிற்பூச்சிகளைக் குத்தி உறிஞ்சும். இலையைத் தொடாது. முழு வேட்டைக்காரன். முள்ளியவளைக் கோயில் குளக்கட்டில் நின்ற ஒரேயொரு மூங்கில் பற்றையில்தான் அது கிடைத்தது. வேறு எத்தனையோ இடங்களில் தேடியும் காணவில்லை.

நெளுக்குளத்தில் என் வீட்டிலிருந்து பஸ் மாறி மாறிப் போவேன். உறையை உரித்து, தூரிகை நுனியால் பூச்சியைத் தொட்டெடுத்து, மதுசாரக் குப்பியில் போட்டுக் கொன்று, கெடாமல் கொண்டுவருவேன். பிறகு கண்ணாடித் தட்டில் கால்களையும் உணர்கொம்புகளையும் விரித்துவைப்பேன். பேராசிரியர் கதிரையை விட்டு எழும்பாமலே நுணுக்குக்காட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். அந்தப் பற்றையை அவர் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. வெயிலாம்.

ஒருநாள் இரண்டு ஆண்பூச்சிகளை அடுத்தடுத்து வைத்தேன். ஒன்றின் முன்கால் தொடை உப்பிப்போய், பாதத்தில் பெரிய பல்லும் இருந்தது. மற்றதற்கு மெலிந்த கால். பல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"ரெண்டும் ரெண்டு சாதி, பிள்ளை. ரெண்டும் உலகத்துக்கே புதிசு," என்றார்.

நெருங்கிய இனங்களைச் சேர்த்துக் கட்டும் வகுப்புக்கு எங்கள் உயிரியல் புத்தகங்களில் சாதி என்று பெயர். ஊரில் உள்ள மற்றச் சாதியோடு அதைக் குழப்ப வேண்டாம். அதில் அவர் இன்னும் கெட்டிக்காரர்.

"சேர், ஒரே இனத்திலேயே ஆண் பெரிசும் சின்னனுமா வரும். குஞ்சிலை நல்லாத் திண்டது பெருக்கும், திண்ணாதது மெலியும். இது முந்தியே பேர் வைச்ச பழைய சாதிதான்," என்றேன்.

"உந்தக் கதையை விடும். தொடையைப் பாரும், தொடையை."

தின்றால் உடம்பு ஊதும் என்பதை அந்த வயிற்றை வைத்திருக்கும் மனிதருக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. விளக்கியும் பயனில்லை. அனுப்பியதையெல்லாம் போடும் ஒரு சஞ்சிகைக்குக் கட்டுரையை அனுப்பினார், அவர்களும் போட்டுவிட்டார்கள்.

நான் வீட்டில் ஒரு தாய்ப்பூச்சியைத் தனியாக வைத்து வளர்த்தேன். அதன் குஞ்சுகளில் பாதிக்கு வயிறு நிறையச் செதிற்பூச்சி. மீதிக்கு அரைப்பட்டினி. வளர்ந்த ஆண்களைப் பார்த்தால், தின்று கொழுத்தவை அவருடைய முதலாம் சாதி, காய்ந்தவை இரண்டாம் சாதி. ஒரு வயிற்றுப் பிள்ளைகளைத்தான் இந்த மனிதர் பிரித்து வைத்திருந்தார். கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஒருக்காச் செய்தது ஆதாரமில்லை. திரும்பச் செய்து காட்டும், பாப்பம். இல்லாட்டி நான் எழுதினபடி உம்மடை ஆய்வேட்டிலையும் எழுதும்."

அந்தப் பொய்யை என் கையால் எழுதுவதை நினைக்கவே அருவருப்பாக இருந்தது. எனக்கு இன்னொரு தாய் வேண்டும். அவருக்கு முள்ளியவளையில் வரவேற்பு நடக்கவிருந்த அன்று காலையே குளக்கட்டுக்குப் போனேன்.

பற்றை நின்ற இடத்தில் வெறும் அடிக்கட்டைகள்தான் இருந்தன.

கோயில் சபைத் தலைவர் சைக்கிளில் வந்தார். முகம் முழுக்கச் சந்தோசம். "நேற்றுப் பின்னேரம்தான் வெட்டினனாங்கள், பிள்ளை. சேரின்ரை மூங்கிலாலேயே சேருக்கு வளைவு கட்டியிருக்கிறம். எப்பிடி?"

"ஐயா, அதுக்குள்ளைதானே பூச்சி இருந்தது."

"பூச்சியைத்தான் அவர் கண்டுபிடிச்சிட்டாரே. இனி என்னத்துக்கு?"

நான் நேரே வரவேற்பு மண்டபத்துக்கு நடந்தேன். மண்டப வாசலில் வளைவு நின்றது. காய்ந்த உறைகளையும் அலங்காரம் என்று நினைத்து அப்படியே விட்டிருந்தார்கள்.

நாதஸ்வரம், நிறைகுடம், பொன்னாடை எல்லாம் முடிந்து பேராசிரியர் வளைவின் கீழ் படமெடுக்க நின்றார். மூங்கிலைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல மூங்கில். எங்கை எடுத்தனீங்கள்?"

பகிடி என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். உண்மையாகவே அவருக்குத் தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போது பொன்னாடையில் ஏதோ ஊர்ந்தது.

"பிள்ளை, உதென்ன, எறும்போ?"

பையிலிருந்த கைவில்லையை எடுத்துக் குனிந்து பார்த்தேன். உப்பிய தொடை.

"உங்கடை முதலாம் சாதி, சேர்."

"பகிடியை விடும்," என்று நகத்தால் நசுக்கித் துடைத்துவிட்டு, அடுத்த படத்துக்கு முகத்தைக் காட்டினார்.

உள்ளே ஒலிவாங்கியில், கூர்ந்து பார்ப்பவனே விஞ்ஞானி என்று அவர் பேசத் தொடங்கினார். நான் வெளியே வளைவின் உறைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தேன். தலைவர் பதறி ஓடிவந்தார்.

"என்ன பிள்ளை, அலங்காரத்தைப் பிய்க்கிறீர்?"

"சேருக்கு ஒரு பரிசு எடுக்கிறன், ஐயா."

மனிதர் குளிர்ந்துபோனார். உச்சிக் கணு எனக்கு எட்டவில்லை என்று கண்டு, தானே ஏணியைக் கொண்டுவந்து பிடித்தார்.

அந்த உறைக்குள் ஒரு தாய் உயிரோடு இருந்தது. எனக்கு ஒன்று போதும். உள்ளே கைதட்டல் கேட்டபோது, அதை மதுசாரம் இல்லாத குப்பியில் விட்டு மூடினேன்.