இருபத்தேழாவது கடை

கண்ணாடியைக் கழற்றி, மூக்கின் இருபுறமும் பதிந்த தடத்தைத் தேய்த்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொள்கிறார். பிறகு திரையில் ஒரு தேநீர்க் கோப்பையின் படத்தை ஒட்டுகிறார். எந்தக் கடையானாலும், பொருளின் படம் வந்து சேரும்வரை அந்த இடத்தில் அவருடைய விளிம்புடைந்த கோப்பைதான் நிற்கும். ஒருமுறை மாற்ற மறந்துபோய், மெத்தைக் கடையில் 'இருவர் தாராளமாகப் படுக்கலாம்' என்ற வரிக்கு மேலே இரண்டு நாள் அந்தக் கோப்பையே இருந்தது.

தெருவில் அவருக்குக் கடைக்காரர் என்று பெயர். விற்பதற்கு அவரிடம் ஒரு குண்டூசிகூடக் கிடையாது. பிறருக்கு இணையத்தில் கடை கட்டித் தருகிறார். எதையும் புதிதாகச் செய்வதில்லை. கடையின் பெயர் வரும் தலைப்பட்டை, படமும் விலையும் உள்ள அட்டை, கூடை, 'வாங்கு' பொத்தான் எல்லாவற்றையும் ஒரே ஒரு தடவை செய்து வைத்திருக்கிறார். அந்த மூலத்தை 'அம்மா' என்பார். கடைகளில் இருப்பவை அதன் பிள்ளைகள். அம்மாவில் பொத்தானைச் சிவப்பாக்கினால் எல்லாக் கடையிலும் சிவக்கும். வேண்டுமென்றால் ஒரு கடையை மட்டும் பிரித்துவிடலாம். அப்புறம் அம்மாவில் என்ன மாற்றினாலும் அந்தக் கடைக்கு எட்டாது. அவர் பிரித்ததே இல்லை.

"பிரிச்சா ஒவ்வொண்ணோடயும் தனித்தனியா மாரடிக்கணும். எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?"

இந்த வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் நிஜக் கடைக்குள் நுழைந்தாலும் கண் வலது மேல் மூலையில் கூடையைத் தேடுகிறது. மனைவி இரண்டு சோப்பை நீட்டி "இதுவா, அதுவா?" என்றால், "ரெண்டும் ஒரே அட்டைதான்" என்கிறார்.

இருபத்தேழாவது கடை, மாடியில் குடியிருக்கும் தங்கைக்கு. வேலை பார்த்த ஆடை நிறுவனம் மூடிய பிறகு வீட்டில் துணிப்பை தைக்கிறாள். பன்னிரண்டு பை சேர்ந்திருக்கிறது. இதுவும் ஓடாவிட்டால் தையல் எந்திரத்தை விற்றுவிட்டு, தங்கும் விடுதியில் படுக்கை விரிக்கும் வேலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். "ஊருக்கெல்லாம் கட்டுற, எனக்குன்னா மட்டும் உனக்குக் கை வலிக்குது" என்று ஆறு மாதமாக அரித்தெடுத்தாள். ஒருவழியாக இன்று காலை பத்து மணிக்குத் திறந்துவைத்தார்.

பத்தேகாலுக்கு மெத்தைக்காரர் கூப்பிட்டார். "சார், நீல மெத்தை காலி. தீர்ந்துடுச்சுன்னு போட்டு விட்டுருங்க."

கண்ணாடி கையில் இருந்தது. மூக்கைத் தேய்த்துக்கொண்டே போட்டார். நீல மெத்தையின் அட்டையில் அல்ல, அம்மாவில். இருபத்தேழு கடையிலும் எல்லாப் பொருளின் மீதும் 'விற்றுத் தீர்ந்தது' என்று விழுந்தது.

அவர் கவனிப்பதற்குள் மாடிப்படி தடதடத்தது. கழுத்தில் அளவு நாடாவோடு தங்கை வந்து நின்றாள்.

"அண்ணா! பன்னெண்டும் போயிடுச்சு! அரைமணி நேரம்கூட ஆகல!"

கடைக்காரர் திரையைப் பார்த்தார். மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. செருப்புக் கடை. அது நிற்பதற்குள் பொம்மைக் கடை.

"பச்சைத் துணிய வெட்டிப் போட்டுட்டுதான் வரேன். இன்னும் பத்து தைக்கலாம்ல?"

"உட்காரும்மா."

"உட்கார எங்க நேரம்?"

"யாரும் வாங்கல. நான்தான் தப்பாப் போட்டுட்டேன். எல்லாக் கடையிலயும் இப்படித்தான் காட்டுது."

அவள் நாடாவின் இரு முனையையும் பிடித்துக்கொண்டாள். "செருப்புமா?"

"செருப்பும்."

சிரிப்பு வரப் பார்த்து, வராமல் போனது. "எதிர்வீட்டு அக்காகிட்ட வேற சொல்லிட்டேனே" என்றாள். திரும்பிப் போகும்போது படிகள் ஒவ்வொன்றாகக் கேட்டன.

அம்மாவைச் சரிசெய்ய அரை நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாக் கடையும் ஒன்றாகத் திறந்துகொண்டன. செருப்புக்காரரைச் சமாதானப்படுத்தத்தான் நேரமாயிற்று. "இன்னொரு தடவை இப்படி ஆச்சு, நான் வேற ஆள் பாத்துக்குவேன்" என்று வைத்துவிட்டார்.

கடைசியாகத் தங்கையின் கடையைத் திறந்தார். பன்னிரண்டு பையும் அப்படியே தொங்கின. மேலே எந்திரத்தின் சத்தம் இல்லை.

கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தார். இந்தமுறை மாட்டிக்கொண்ட பிறகுதான் கைவைத்தார். தலைப்பட்டை, அட்டை, கூடை, பொத்தான் என்று ஒவ்வொன்றாக அம்மாவிடமிருந்து பிரிக்கத் தொடங்கினார்.