சுவரில் விழுந்த தெரு

என் மாமாவுக்கு உயிரோடு இருக்கிறவர்களைவிட, இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு பிரெஞ்சுக்காரன் மேல்தான் பாசம் அதிகம். திருச்சியில் ஒரு காலேஜில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பிரெஞ்சுக்காரன் நட்சத்திரங்களையும் செடிகொடிகளையும் ஆராய, தொலைநோக்கியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தவனாம். அரியலூர்த் தெருவை அவன் வரைந்த படம் ஒன்றின் நகல் மாமாவிடம் இருந்தது. ஓடு ஓடாக, தூண் தூணாக அத்தனை துல்லியம். அது வெறும் கண்ணால் பார்த்து வரைந்ததல்ல, இருட்டறைச் சுவரில் விழுந்த பிம்பத்தின் மேல் கோடு இழுத்தது என்பது மாமாவின் கட்சி. சாப்பிடும்போதுகூட அவனை "நம்ம ஆளு" என்றுதான் சொல்வார். தாத்தா மோரைக் குடித்துவிட்டு எழுந்து போவார்.

யுத்தம் முடிந்திருந்த சமயம். கோடை விடுமுறைக்கு வந்த மாமா, அதைத் தாத்தா வீட்டிலேயே நிரூபிக்கக் கிளம்பிவிட்டார். வாசல் அறை ஜன்னலைக் கம்பளி போட்டு அடைத்து, நடுவில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஓர் ஓட்டை விட்டார். எதிர்ச் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார். எங்கள் அரியலூரில் சுண்ணாம்புக்கா பஞ்சம்?

மத்தியான வெயிலில் கதவைச் சாத்தியதும் சுவரில் தெரு வந்தது. நிறத்தோடு, அசைவோடு, தலைகீழாக. மாட்டுவண்டி உத்தரத்தை ஒட்டி உருண்டது. மனிதர்கள் தலை கீழே தொங்க நடந்தார்கள். வானம் தரையோரம் கிடந்தது. நான் மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாத. ஓட்டை வழியா வர்றது எதுவா இருந்தாலும் தலைகீழாத்தான் வுழும். நேரா வுழவே வுழாது" என்றார் மாமா.

அந்த அறைக்கு நிரந்தரமாக வந்து உட்கார்ந்தவள் சின்னம்மா, என் அம்மாவின் தங்கை. கல்யாணமான சில மாதங்களில் சித்தப்பா மலாயாவில் ரப்பர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போனார். அப்போது நான் தொட்டிலில் இருந்தேன். கூடத்தில் மாட்டியிருந்த போட்டோவில், கோட்டுப் போட்டு, அக்குளில் குடையை இடுக்கிக்கொண்டு நிற்பவராகத்தான் அவரை எனக்குத் தெரியும். அந்த மாதம் பினாங்கிலிருந்து திரும்பிய, பக்கத்து ஊரான லப்பைக்குடிக்காட்டு வியாபாரி ஒருவர், சயாம் காட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் அவரை இழுத்துப் போனதாகவும், போனவர்கள் திரும்பவில்லை என்றும் சொல்லிவிட்டார். அமாவாசைக்குள் தாலியை இறக்கிவிடுவது என்று தாத்தாவும் பங்காளிகளும் பேசி முடித்தார்கள். அதிலிருந்து சின்னம்மா தெருவில் தலைகாட்டக் கூடாது. வீட்டில் எல்லோரும் அவளைப் பார்க்காததுபோலவே நடமாடினார்கள். எனக்கு அவர்கள் மேல் அப்படிக் கோபம் வந்தது.

தெருவுக்குப் போக முடியாதவளிடம் தெருவே வந்தது. தினமும் மத்தியானம் நானும் அவளோடு உட்கார்ந்திருப்பேன்.

தாலி இறக்குவதற்கு முந்தின நாள். சுண்ணாம்புக்கல் வண்டி ஒன்று சலங்கை ஒலிக்கக் கடந்து போனது. அதன் பின்னால் ஒருவர் வந்து நின்றார். அவர் நடந்த சத்தம் கேட்கவில்லை. கோட்டு. அக்குளில் குடை. எங்கள் வீட்டையே பார்த்தார்.

"அவரு வந்துட்டாரு" என்று சின்னம்மா எழுந்து ஓடினாள். நான் சுவரைப் பார்த்தபடியே இருந்தேன். சுவரில் சின்னம்மா தலைகீழாகத் தெருவில் இறங்கி ஓடினாள். அவர் நின்ற இடத்தைத் தாண்டியே ஓடினாள், நிற்கவில்லை. அவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே ஓடிப் பார்த்தவர்கள் தெருவில் யாருமே இல்லை என்றார்கள். மாமா என்னிடம் வந்து, நீயும் பார்த்தாயா என்று கேட்டார்.

"பாத்தேன் மாமா. போட்டோவுல இருக்க மாதிரியே. எல்லாரும் தலைகீழா வந்தாங்க, சித்தப்பா மட்டும் நேரா நின்னாரு."

மாமா போய் ஜன்னல் ஓட்டையை உள்ளங்கையால் பொத்தினார். அந்த நேராக நின்ற கதையை யாரிடமும் சொல்லாதே என்றார்.

கூடத்தில் பங்காளிகள் கூடியிருந்தார்கள். இல்லாத ஆளைச் சுவர் காட்டுமா என்று தாத்தா கேட்டார். பிரெஞ்சுக்காரன் விஷயத்தில் ஒரு தேதி பிசகினால்கூடச் சண்டைக்கு வருகிற மாமா, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லாத ஆளு சொவத்துல வுழமாட்டாருப்பா. மாப்பிள்ளை தெருவுல நின்னுருக்காரு. வெளிச்சம் பொய் சொல்லாது."

தாலி இறங்கவில்லை. சித்தப்பா வரவும் இல்லை. சின்னம்மா நெற்றி நிறையக் குங்குமத்தோடு கிழவியாகித்தான் போய்ச் சேர்ந்தாள். மாமா பிரெஞ்சுக்காரனைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். அதில் இருட்டறையைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

சித்தப்பா சுவரில் வந்த அன்று சாயங்காலமே ஜன்னல் கம்பளியை மாமா பிடுங்கி எறிந்தபோது நான் அழுதேன். ஊரே தலைகீழாகத் தொங்கிய அந்தச் சுவரில் ஒருவராவது நேராக நின்றது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது! அதில் மாமா பயப்பட என்ன இருக்கிறது என்று அன்று எனக்குப் புரியவில்லை.