பேணியில் இல்லாத சொல்

“இங்கிலீசு வாசிச்சாப்போல எல்லாம் விளங்குமோ?” என்று அத்தான் கேட்டது போன வருடம் மாரி தொடங்கிய நேரம், மயிலிட்டியில் அக்காவின் வீட்டில். எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துப் பல்கலைக்கழகம் வரை போனவள் நான் ஒருத்திதான்.

அக்காவுக்கு அப்போது ஐந்து மாதம். அம்மாவுக்குச் சலரோகம், அதுதான் சீனி வருத்தம், இருப்பதால், கர்ப்ப காலத்தில் அவளுக்கும் வந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். அதற்காக நல்லூரில் ஒரு பாமசியில் சத்துத்தூள் அடைத்த தகரப் பேணி ஒன்று வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அத்தான் அப்படிக் கேட்டதும், பேணியின் இங்கிலீசு லேபிளை உரத்து வாசித்து, “கர்ப்பகாலச் சலரோகத்தைத் தடுக்கும்” என்று தமிழில் சொன்னேன். அவர் வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்.

அக்கா காலையும் பின்னேரமும் தவறாமல் கரைத்துக் குடித்தாள். ஏழாம் மாதம், சீனிப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். அங்கே குடிக்கத் தரும் குளுக்கோஸ் தண்ணீரை நினைத்தாலே அவளுக்குக் குமட்டிச் சத்தி வரும்.

“தூள் குடிக்கிறன்தானேடி, போகத்தான் வேணுமோ?”

“தேவையில்லை அக்கா” என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அவளும் போகவில்லை.

அடுத்த மாதம் நானும் கூடப் போயிருந்தேன். கிளினிக்கில் பரிசோதித்தபோது சீனி மிக அதிகம். பிள்ளையும் அளவுக்கு மீறி வளர்ந்திருந்தது. கர்ப்பிணிகளைக் கவனிக்கும் மருத்துவமாது எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

“ஏன் அண்டைக்கு வரேல்லை?”

“மறந்துபோனன் மிஸ்” என்றாள் அக்கா, என்னைப் பாராமல்.

“நல்ல மறதி! பிள்ளைப் பெறவும் மறந்துபோவீரோ? விளங்காட்டி உந்தத் தங்கச்சியைக் கேளும். அவ படிச்ச பிள்ளையெல்லே!”

வரிசையாக வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் தலையைக் குனிந்தபடி சிரித்தாள். நான் அவளுடைய கிளினிக் அட்டையைப் புரட்டத் தொடங்கினேன்.

வீட்டுக்கு வந்து பேணியைத் திருப்பிப் பார்த்தேன். ‘தடுக்கும்’ என்று எங்குமே இல்லை. ‘குறைக்க உதவக்கூடும்’ என்றுதான் இருந்தது. பரிசோதனைக்கு இது ஈடாகாது என்றும் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. விளங்காமல் பிழையாகச் சொன்னேன் என்றால் அது பொய். அத்தானுக்கு முன்னால் ‘உதவக்கூடும்’ என்று சொல்ல எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது.

இன்சுலின் ஊசியோடு மிச்ச நாட்கள் போயின. அக்காவின் மகள், என் பெறாமகள், சுகமாகப் பிறந்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அக்கா என்னிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பிள்ளையின் தடுப்பூசி நாளில் நானும் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்தவர்கள் கேட்கத்தக்கதாக, “அண்டைக்கு அக்கா மறக்கேல்லை மிஸ். நான்தான் போக வேண்டாமெண்டனான்” என்று மருத்துவமாதிடம் சொன்னேன். அந்த ஒரு வசனத்தைச் சொல்ல, பிள்ளை பிறக்கும்வரை நான் காத்திருந்தேன் என்பதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.