பூதம் கேட்ட ஒரு சொல்

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளை அனுப்பும் ஓர் அலுவலகத்தில் சாரதாமணிக்கு வேலை. எந்த மாநிலத்தில் எந்த வண்டி எத்தனை அடி துளைத்திருக்கிறது என்று பதினெட்டு வருடமாகப் போனில் கேட்டு எழுதுகிறார். மிச்ச நேரமெல்லாம் மாயக்கதைதான். பழைய எழுத்தாளர்களை பைண்டு செய்து வைத்திருக்கிறார். புதியவர்களைக் கைப்பேசியில் படிக்கிறார். இந்த விஷயத்தில் அவரிடம் வாய் கொடுத்து மீண்டவர் எங்கள் வாசகர் வட்டத்தில் யாரும் இல்லை. எனக்கும் அனுபவம் உண்டு.

“பழையவங்க பயங்காட்டுவாங்க, காரணஞ் சொல்ல மாட்டாங்க. அதுதானுங்க அழகு. புதுசா எழுதறவங்க மந்திரத்துக்கே சட்டதிட்டம் போட்டு, நம்மளைப் பரீட்சைக்கு உக்கார வெச்சுருவாங்க. ஆனா அவங்க கதையில லாரி ஓட்டறவர்கூட உலகத்தைக் காப்பாத்தலாமுங்க. பழைய கதையில நம்மாளு பல்லக்குத் தூக்கத்தானுங்க வருவாரு” என்பார்.

நாற்பத்தாறு வயதில் இந்த ஆண்டு அவரே ஒரு கதை எழுதினார். முதல் கதை. எங்கள் ஆண்டு மலரில் வரவிருந்தது. வெளிமாநிலத்தில் துளை போடும் ரிக் தொழிலாளி ஒருவன் ஆயிரத்து இருநூறு அடியில் பாதாள உலகத்தில் மாட்டிக்கொள்கிறான். ‘நீ செல்ல விரும்பும் இடம் யாது? ஒரே சொல்லில் உரை’ என்கிறது வெளிக்கதவைக் காக்கும் பூதம். அதன் செந்தமிழுக்கு மரியாதை கொடுத்து அவன் ‘வீடு’ என்கிறான். கதவு அசையவில்லை. அழுகை முட்ட, தன் ஊர்ப் பேச்சில் ‘ஊடு’ என்கிறான். திறந்துவிடுகிறது.

திருத்திய மெய்ப்பு வந்தது. முதல் தடவை ‘வீடு’ என்றான், திறக்கவில்லை. இரண்டாம் தடவையும் ‘வீடு’ என்றான், திறந்தது! பூதத்துக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். சாரதாமணி சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

பிழை திருத்தியவர் தண்டாயுதபாணி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பழைய எழுத்தாளர்களின் பரம பக்தர். மறுநாள் மலர் அச்சுக்குப் போகிறது. எங்கள் வட்டம் கூடும் நூலகத்துக்கு நேராக வந்து அவர் முன் நின்றார் சாரதாமணி.

“அய்யா, அது பிழை இல்லீங்க. அந்தச் சொல்லுதானுங்க கதையே.”

“பழைய எழுத்தாளர்கள் இப்படிக் கொச்சையா எழுதினாங்களா? அவங்க பூதமே இலக்கணம் பேசும்.”

“பூதம் பேசட்டுமுங்க. மாட்டிக்கிட்டவன் எதுக்குங்க பேசோணும்?”

“மலர்ல கொச்சை வராதும்மா.”

“அப்படீன்னா என் கதையும் வர வேண்டாமுங்க. எடுத்துருங்க.”

நாலு மாதம் எழுதிய கதை. ஆனால் அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. தண்டாயுதபாணி தாள்களை உருவத் தொடங்கியபோது அவருடைய போன் அடித்தது. மனைவி.

“ஆமா, முடிஞ்சுது. பத்து நிமிசத்துல ஊட்டுக்கு வாரேன்” என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாரதாமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அய்யா போனை மேசையில் வைத்தார். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து இரண்டாவது ‘வீ’யை அடித்து, மேலே ‘ஊ’ என்று எழுதினார்.

“மொத வீட்டையும் மாத்தோணுமா?”

“வேண்டாமுங்கய்யா. அதுக்குக் கதவு தொறக்கக் கூடாது.”